டிராஃப்டில் பெயர் வந்தால் போதுமா? என்.எச்.எல். அணியில் ஓர் இளம் வீரர் நிலைப்பது எப்படி

ஹாக்கி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கோவில்பட்டிதான். டொராண்டோவுக்கு வந்த பிறகு, இங்கே வெறுமனே 'ஹாக்கி' என்று சொன்னால் அது பனிக்கட்டி மேல் ஆடுவது என்று மண்டையில் ஏற ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது. இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளே காலை ஆறு மணிக்கு ரிங்கில் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டிவந்த பெற்றோர் கையில் காபியோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல மேல போறதுன்னா எப்படிங்க?"

மேலே போகும் வழியைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். போன இடத்தில் எப்படி நிலைப்பது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிள்ளையை இந்த ஆட்டத்தில் விட்டிருப்பவர்களுக்கும், புதிதாகப் பார்க்கத் தொடங்கி "போன வருஷம் அவ்வளவு பேசப்பட்ட பையன் எங்கே போனான்?" என்று குழம்புபவர்களுக்கும் இது.

முதலில் நாற்காலிக் கணக்கு

வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் 32 அணிகள். பருவம் நடக்கும்போது ஓர் அணி 23 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆட்டத்துக்கு இறங்குவது 20 பேர். வழக்கமாக 12 ஃபார்வர்டு, 6 டிஃபென்ஸ், 2 கோலி (கோல் காப்பவர்). ஆக மொத்த லீக்குக்கும் 736 இடம். ஆண்டுதோறும் டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஏழு சுற்றுகளில் 224 பேரை எடுக்கிறார்கள். மூன்று ஆண்டு டிராஃப்டை அடுக்கினாலே 672 பேர். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் எழுந்து வழிவிடப் போவதில்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வரை

கனடாவில் பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகளை மேஜர் ஜூனியர் லீக்குகள் எடுத்துக்கொள்கின்றன. ஒன்டாரியோவில் ஓ.எச்.எல்., மேற்கே டபிள்யூ.எச்.எல்., கியூபெக் பக்கம் கியூ.எம்.ஜே.எச்.எல். பருவத்துக்கு ஏறக்குறைய 68 ஆட்டம், நீண்ட பஸ் பயணம், வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் படிப்பு. இன்னொரு வழி அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். அங்கே ஆட்டங்கள் ஏறக்குறைய பாதிதான், பெரும்பாலும் வார இறுதியில். வார நாட்கள் ஜிம்முக்கும் பயிற்சிக்கும் கிடைக்கும்.

முன்பெல்லாம் மேஜர் ஜூனியரில் ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் உச்சப் பிரிவுக் கதவு மூடிவிடும். பதினாறு வயதுப் பிள்ளைக்காக அப்பா அம்மா தூக்கம் கெட்டு யோசித்த விஷயம் இது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை போய்விட்டது. ஜூனியரில் ஆடிவிட்டு அப்புறம் கல்லூரிக்கும் போகலாம். பழைய அனுபவத்தை வைத்து யாராவது ஆலோசனை சொன்னால், எந்த ஆண்டு அனுபவம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் என்ன செய்ய வேண்டும்? என் கருத்து: பெயர் பெற்ற அணியைவிட, பிள்ளை நிறைய நேரம் களத்தில் இருக்கும் அணி மேல். பெஞ்சில் உட்கார்ந்து எவரும் ஆட்டம் கற்றதில்லை. இரண்டாவது, ஸ்கேட்டிங். கை வித்தை அப்புறம் வரும். கால் வராவிட்டால் மேலே எதுவும் வராது.

டிராஃப்டில் பெயர் வராவிட்டால்? டொராண்டோவின் ஸ்காபரோவில் பிறந்த வெய்ன் சிம்மன்ட்ஸை முதல் முறை தகுதி பெற்ற ஆண்டில் எவரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2007-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் 61-ஆவது ஆளாக எடுத்தது. ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடி ஓய்வு பெற்றார். நம் மக்கள் இவ்வளவு பேர் வாழும் அதே ஸ்காபரோதான்.

டிராஃப்ட் என்பது ஏலம் அல்ல

ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நமக்கு ஒரு குழப்பம் வரும். அங்கே ஏலத்தில் எடுத்தால் அந்தப் பருவமே அணியில் இருப்பார், சம்பளமும் அன்றே முடிவாகும். இங்கே டிராஃப்டில் அணிக்குக் கிடைப்பது, அந்தப் பையனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை மட்டும். ஜூன் மாத மேடையில் தொப்பியும் ஜெர்சியும் போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர், செப்டம்பரில் பழைய ஜூனியர் அணியின் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, பெரும்பாலானோருக்கு அதுதான் நடக்கிறது. 2025-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட மேத்யூ ஷேஃபர் பதினெட்டு வயதிலேயே நேராக நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு ஆடப் போனார். அவரை வைத்து உங்கள் பிள்ளையை அளக்காதீர்கள்.

எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள் என்ற எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஓண்ட்ரே பாலாட் 208-ஆவது ஆள், ஜோ பவெல்ஸ்கி 205, ஹென்ரிக் செட்டர்பெர்க் 210. மூவரும் நீண்ட காலம் ஆடினார்கள். 2012-இல் முதல் ஆளாகப் போன நயில் யாகுபோவோ 350 ஆட்டத்தோடு 2018-இல் என்.எச்.எல்.-ஐ விட்டுப் போய்விட்டார். முதல் சுற்றுக்காரருக்கு ஒரு சலுகை உண்மையில் உண்டு: வாய்ப்பு அதிகம் தருவார்கள், தவறையும் கொஞ்ச காலம் பொறுப்பார்கள். ஏழாம் சுற்றுக்காரருக்கு அந்தப் பொறுமை கிடைக்காது.

முகாமும் ஒன்பது ஆட்டமும்

கோடையில் புதியவர்களுக்கான முகாம், செப்டம்பரில் அவர்களுக்கான சில ஆட்டங்கள், அப்புறம் பெரிய முகாம். பெரிய முகாமுக்கு அறுபது பேர் வரை வருவார்கள். 23 இடத்தில் இருபதுக்கும் மேல் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் நிரம்பியிருக்கும். உண்மையில் காலியாக இருப்பது ஒன்றோ இரண்டோ. அதற்கு எந்த நிலையில் ஆள் வேண்டும் என்று போகும் முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. நாலாவது லைனில் (லைன் என்பது சேர்ந்து இறங்கும் மூன்று ஃபார்வர்டுகள்) பெனால்டி கில் ஆட, அதாவது ஓர் ஆள் குறைவாக நின்று தடுக்க, ஆள் தேடும் அணியில் போய், "நான் பவர் பிளே (ஓர் ஆள் கூடுதலாக நின்று தாக்குவது) ஆடுவேன்" என்று காட்டிக்கொண்டிருப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களுக்கு ஒரு விசித்திர வரம்பு உண்டு. முதல் ஒப்பந்தம் பொதுவாக மூன்று ஆண்டு. அந்த வயதில் ஒரு பருவத்தில் பத்து என்.எச்.எல். ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அந்த ஆண்டு கணக்கில் சேராது, ஒப்பந்தம் அப்படியே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டம் ஆடினால் ஓர் ஆண்டு கழிந்துவிடும். அதனால்தான் அணிகள் ஒன்பது ஆட்டம் பார்த்துவிட்டு உட்கார்ந்து யோசிக்கின்றன. ஒன்பதில் அனுப்பப்பட்டால் பையன் தோற்றுவிட்டான் என்று அர்த்தமில்லை, கணக்குப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மேஜர் ஜூனியரிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு இருபது வயது ஆகும் வரை, ஒன்று என்.எச்.எல்., இல்லாவிட்டால் மறுபடி ஜூனியர் என்பதே நெடுநாள் வழக்கம். நடுவிலுள்ள ஏ.எச்.எல்.-க்கு அனுப்ப முடியாது. ஜூனியருக்கு மிஞ்சிய, ஆனால் என்.எச்.எல்.-க்கு எட்டாத பத்தொன்பது வயதுக்காரர் நடுவில் மாட்டிக்கொள்வார். 2026-27 பருவத்திலிருந்து ஓர் அணி ஒரு 19 வயது வீரரை ஏ.எச்.எல்.-க்கு அனுப்பலாம் என்று புதிய தொழிலாளர் ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் தளர்த்துகிறது.

பஸ் ஓடும் லீக்

ஏ.எச்.எல். என்பது என்.எச்.எல்.-க்கு அடுத்த படி. ஒவ்வொரு பெரிய அணிக்கும் ஒரு பிள்ளை அணி. டொராண்டோவுக்கு மார்லீஸ், மாண்ட்ரியாலுக்கு லவால், வான்கூவருக்கு அபாட்ஸ்ஃபோர்ட். இன்று என்.எச்.எல்.-இல் ஆடுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்கள்தான். முதல் ஒப்பந்தத்தில் இங்கே வாங்கும் சம்பளம் மேலே வாங்குவதைவிடப் பல மடங்கு குறைவு. வெள்ளி, சனி, ஞாயிறு தொடர்ந்து மூன்று ஆட்டம் வரும். நொந்துபோகிறவர்கள் நொந்துபோவது இங்கேதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2011-12 நார்ஃபோக் அட்மிரல்ஸ். டாம்பா பேயின் பிள்ளை அணி. அந்தப் பருவத்தில் தொடர்ந்து 28 ஆட்டம் வென்றார்கள், இறுதியில் நம் மார்லீஸை நாலுக்குப் பூஜ்யம் என்று துடைத்துவிட்டுக் கோப்பையை எடுத்துப் போனார்கள். (மார்லீஸ் ரசிகர்களிடம் இதைப் பேசாதீர்கள்.) அந்த அணியில் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்ட பாலாட் இருந்தார், எவரும் டிராஃப்டில் எடுக்காத, ஐந்தடி எட்டங்குலம் உயரமான டைலர் ஜான்சன் இருந்தார். பயிற்சியாளர் ஜான் கூப்பர். 2013-இல் கூப்பரை டாம்பா மேலே அழைத்தது. அவருக்கு இந்தப் பையன்கள் யார், எந்த நிமிடத்தில் எவரை நம்பலாம் என்று ஏற்கெனவே தெரியும். 2014-இல் சிறந்த புதுமுகத்துக்கான விருதின் இறுதி மூவரில் பாலாட்டும் ஜான்சனும் இருந்தார்கள். மூன்றாமவர் நேதன் மெக்கினன், முந்தைய ஆண்டின் முதல் டிராஃப்ட் ஆள். விருது அவருக்குப் போனது. பாலாட்டும் ஜான்சனும் கூப்பரோடு 2020-இலும் 2021-இலும் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை தூக்கினார்கள்.

ஏ.எச்.எல்.-இல் வெறுமனே கோல் அடித்துக் குவித்தால் மேலே அழைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அங்கே கோல் குவித்துவிட்டு மேலே நிலைக்காமல் போனவர்கள் ஏராளம். மேலே காலியாகும் இடம் முதல் லைனில் இருக்காது. அங்கே நட்சத்திரங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காலியாவது நாலாவது லைனில், அல்லது மூன்றாவது டிஃபென்ஸ் ஜோடியில். அந்த வேலையைக் கீழேயே செய்து பழகியவருக்குத்தான் தொலைபேசி அடிக்கும்.

அழைத்த பிறகு: அந்த எட்டு நிமிடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் முடிவாவது இங்கே.

காயம் பட்ட ஒருவருக்குப் பதிலாக மேலே வந்தவருக்கு ஒரு ஆட்டத்தில் எட்டு நிமிடம் கிடைக்கும். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு முறை இறங்கி ஆடுவது, நாற்பது, நாற்பத்தைந்து விநாடி. ஆக ஆட்டம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு முறை தடுப்பைத் தாண்டி இறங்குகிறார். அதில் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அவரிடம் இருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம்கூட வராது. மீதி நேரம் முழுவதும் பக் இல்லாமல் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பயிற்சியாளர் பார்க்கிறார்.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நம் பக்கம், நம் டிஃபென்ஸ்காரர் கோலுக்குப் பின்னாலிருந்து பக்கை, களத்தைச் சுற்றியுள்ள பலகையை ஒட்டிச் சுழற்றி விடுகிறார். விங்கர் (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டு) பலகையோரம் நின்று அதை வாங்க வேண்டும். எதிரணி டிஃபென்ஸ்காரர் அவரை இடிக்க முழு வேகத்தில் இறங்கி வருகிறார். அரை விநாடிதான் இருக்கிறது. ஜூனியரில் நாயகனாக இருந்த பையன் என்ன செய்வான்? நடுவில் தெரியும் தோழனுக்கு அழகாக ஒரு பாஸ் கொடுப்பான். ஜூனியரில் அது போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இங்கே நடுவில் ஒரு மட்டை நீளும், பக் நம் கோலுக்கு நேரெதிரில் எதிரியின் கையில். ஐந்து விநாடியில் கோல்.

பழகிய வீரர் உடம்பை எதிரிக்கும் பக்குக்கும் நடுவில் கொடுத்து, இடியை வாங்கிக்கொண்டு, பக்கை, நம் பக்கத்துக்கு எல்லையான நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். கைதட்டல் கிடையாது. பெஞ்சில் பயிற்சியாளர் மட்டும் தலையாட்டுவார். அப்படி இருபது முறை நம்பிக்கையாகத் தள்ளியவர், ஒரு கோல் முன்னிலையில் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் அனுப்பப்படுவார். அங்கே அனுப்பப்படுகிறவர்களைக் கீழே அனுப்ப எந்த அணிக்கும் மனம் வராது.

இதே வரிசையில் இன்னும் சில. இரண்டு நீலக் கோடுகளுக்கும் அருகே வித்தை காட்டக் கூடாது. வழி இல்லையென்றால் பக்கை ஆழமாக உள்ளே விட்டுவிட்டுத் துரத்த வேண்டும். நாற்பதாவது விநாடியில் மாற வேண்டும். கோல் ஆசையில் ஒன்றரை நிமிடம் நிற்பவர் திரும்பி வரும்போது கால் இருக்காது. மாறுவதும் பக் எதிரியின் பக்கம் ஆழத்தில் இருக்கும்போதுதான். திரும்பி ஓடி வருவது எப்போதும் முழு வேகத்தில். அவசியமற்ற பெனால்டி, குறிப்பாக எதிரியின் பக்கம் மட்டையால் இழுத்து வாங்கும் பெனால்டி, புதியவருக்கு மன்னிக்கப்படுவதில்லை. நட்சத்திரத்துக்கு மன்னிப்பார்கள். நியாயமா என்று கேட்டால், இல்லைதான்.

டிஃபென்ஸ்காரர்களுக்கு அளவுகோல் அந்த முதல் பாஸ். பக்கை எடுத்துத் திரும்பி, பதறாமல் மட்டைக்கு நேராகக் கொடுக்க வருகிறதா? அவர்கள் முதிர ஃபார்வர்டுகளைவிட அதிக காலம் ஆகும். கோலிகளுக்கு இன்னும் அதிகம். ஜோர்டன் பின்னிங்டனை செயின்ட் லூயிஸ் 2011-இல் 88-ஆவது ஆளாக எடுத்தது. ஆண்டுக்கணக்கில் கீழ் லீக்கில் கிடந்தார். ஒரு பருவம் வேறோர் அணியின் பிள்ளை அணிக்கு இரவலாகக்கூடப் போனார். 2019 ஜனவரியில் 25 வயதில் முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கும் கோலியாக இறங்கி, ஒரு கோலும் விடவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் லீக்கின் கடைசி இடத்தில் இருந்த அணி, ஜூனில் ஸ்டான்லி கோப்பை வென்றது.

ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வது

ஜூனியரில் எல்லாருமே கோல் அடிப்பவர்கள். மேலே வந்ததும் ஓர் அணியில் அந்த வேலைக்கு ஐந்தாறு இடம்தான். மற்றவர்கள் வேறு வேலை கண்டுபிடிக்க வேண்டும், இதை ஏற்றுக்கொள்ளத்தான் பலருக்கு மனம் வருவதில்லை.

மேனி மல்ஹோத்ராவைப் பாருங்கள். மிசிசாகாவில் பிறந்தவர், அப்பா இந்திய வம்சாவளி. 1998-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஏழாவது ஆளாக எடுத்தது. கோல் குவிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். குவிக்கவில்லை. அவர் ஃபேஸ் ஆஃபில் (நடுவர் இருவருக்கு நடுவில் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) கெட்டிக்காரராக மாறினார். தன் பக்கத்து வட்டத்தில் பக் விழும்போதெல்லாம் அவரைத்தான் அனுப்பினார்கள், பெனால்டி கில்லுக்கும் அவர்தான். 991 ஆட்டம். 2025-இல் அபாட்ஸ்ஃபோர்ட் அணி ஏ.எச்.எல். கோப்பை வென்றபோது அதன் பயிற்சியாளரும் அவரே. அந்த அணியில் ஆடிய அர்ஷ்தீப் பெயின்ஸும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர், 2021-22-இல் டபிள்யூ.எச்.எல்.-இல் அதிகப் புள்ளிகள் எடுத்து வான்கூவரின் ஒப்பந்தம் பெற்றவர்.

ஸாக் ஹைமன் இன்னொரு வகை. டொராண்டோக்காரர். 2010-இல் ஃப்ளோரிடா 123-ஆவது ஆளாக எடுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு, அப்புறம் உரிமை டொராண்டோவுக்குக் கைமாறி மார்லீஸில் தொடக்கம். மேலே வந்ததும் நட்சத்திர வீரர் ஆஸ்டன் மேத்யூஸ் பக்கத்தில் போட்டார்கள். பக்கை மூலையில் பிடுங்கி மேத்யூஸிடம் கொடு, கோல் முன்னால் போய் நில். அதைத்தான் செய்தார். கை நளினம் போதாது என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், நானும்தான். 2023-24-இல் எட்மன்டனில் கானர் மெக்டேவிட் பக்கத்தில் ஆடி, 31 வயதில், 54 கோல் அடித்தார். பெரும்பாலும் அதே கோல் முன்னால் நின்றுதான்.

160 ஆட்டமும் வேவர் பட்டியலும்

புதியவரை அணி எத்தனை முறை வேண்டுமானாலும் மேலும் கீழுமாக அனுப்பலாம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பதினெட்டு வயதில் ஒப்பந்தம் போட்ட ஒரு ஸ்கேட்டருக்கு (கோலி அல்லாத வீரருக்கு) ஐந்து ஆண்டு அல்லது 160 என்.எச்.எல். ஆட்டம், எது முதலில் வருகிறதோ அது வரை. வயது கூடக் கூட ஆண்டுகள் குறையும். எல்லை தாண்டிவிட்டால், கீழே அனுப்பும் முன் வேவரில் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் வேறு எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம்.

இரு பக்கம் கூர்மையான கத்தி இது. எல்லை தாண்டாதவர் நன்றாக ஆடினாலும், "இவனை அனுப்பினால் இழக்க மாட்டோம்" என்பதற்காகவே அனுப்பப்படுவார். எல்லை தாண்டியவர் சுமாராக ஆடினாலும், இழக்கப் பயந்து வைத்துக்கொள்வார்கள். முகாமில் அசத்திய பையன் ஏன் அணியில் இல்லை என்று கோபப்படும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

வேவரில் போவதை முடிவு என்று நினைப்பதும் தவறு. பால் பைரனை 2015 அக்டோபரில் கால்கரி வேவரில் போட்டது, மாண்ட்ரியால் எடுத்தது. அங்கே 2016-17-இல் 22 கோல். ஏலி டோல்வனன் 2017-இல் நாஷ்வில் முதல் சுற்றில் எடுத்தவர். 2022 டிசம்பரில் வேவரில் போனார், சியாட்டில் எடுத்து, 48 ஆட்டத்தில் 16 கோல் அடித்தார். ஆள் மாறவில்லை, அவரை எங்கே நிறுத்தினார்கள் என்பது மாறியது.

முதல் ஒப்பந்தம் முடிந்து வரும் இரண்டாவதில், மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரே சம்பளம் என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஓரளவு நிலைத்துவிட்டார் என்று சொல்லலாம். அதுவரை டொராண்டோவில் வீடு வாங்கும் யோசனை வேண்டாம்.

மகள் ஆடுகிறாளென்றால்

பெண்களுக்கான தொழில்முறை லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். முதல் ஆட்டத்தை 2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில் ஆடியது. ஆறு அணிகளோடு தொடங்கி, வான்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டானது. அங்கே ஏ.எச்.எல். மாதிரி நடுப்படி இல்லை. பெரும்பாலானோர் நேராகக் கல்லூரி முடித்து வருகிறார்கள். அதனால் கல்லூரித் தேர்வு மகனைவிட மகளுக்கு முக்கியம்.

அடுத்து என்ன செய்யலாம்

மார்லீஸ் ஆட்டத்துக்கு ஒரு முறை போங்கள். எக்ஸிபிஷன் பிளேஸில் நடக்கிறது, சீட்டு விலையும் மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டத்துக்குக் கொடுப்பது போல் இருக்காது. ஓர் இளம் வீரரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பீரியடு (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) முழுக்க பக்கைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். பக் பறிபோனதும் தலையைத் தொங்கப்போடுகிறாரா, அதே விநாடியில் திரும்புகிறாரா? பலகையோரம் இடி வருமென்று தெரிந்தும் நிற்கிறாரா? பிள்ளையையும் கூட்டிப் போய் இதையே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பருவம் துவங்குவதற்கு முந்தைய நாட்களில், பிற்பகல் இரண்டு மணிக்கு வேவர் பட்டியல் வரும். மற்ற நாட்களில் ஓரிரு பெயர் இருக்கும் இடத்தில் அன்று வரிசை நீளும். நீங்கள் பார்த்து வைத்த பையனின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடத் தொடங்கிவிட்டால், நீங்களும் எங்களில் ஒருவர்.